மரத்து உச்சியில சிவப்பு நட்சத்திரம், ஆனா வீடு யூத வீடு: சோவியத்ல இவங்க எப்படி வாழ்ந்தாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அல்வா_நெல்லை
வணக்கம் மக்களே. ஒரு குழப்பம், அதான் இழை தொறக்கிறேன். நான் ஜெர்மனியில டுசல்டோர்ஃப்ல இருக்கேன், ரெண்டு வருஷமா ஒரு பாட்டி வீட்டு மாடி ரூம்ல வாடகைக்கு. பாட்டிக்கு 92 வயசு, உக்ரைன்ல கார்கிவ் ஊர்க்காரங்க, கூடவே அவங்க மக, அவங்களுக்கு 67. பேத்தி ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. போன டிசம்பர் 31 அன்னைக்கு கீழ இறங்கி வந்தா ஹால்ல மரம், ஜிகினா, உச்சியில கண்ணாடில செஞ்ச சிவப்பு நட்சத்திரம். நானும் நல்ல புள்ளையா "ஹேப்பி கிறிஸ்மஸ் பாட்டி, சொல்ல லேட்டாயிருச்சு"ன்னேன். பாட்டி முறைச்சிட்டு "நாங்க யூதருடா"ன்னாங்க. அப்போ மரம்? "அது சோவியத் மரம்." அவ்ளோதான் பதில், போய் டீ போட ஆரம்பிச்சிட்டாங்க.

இன்னொண்ணு. பேத்தி கழுத்துல யூத அடையாளமான தாவீது நட்சத்திரம் போட்ட சின்ன செயின் கிடக்கும். அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள வந்ததும் பாட்டி முத்தம் குடுக்கிற சாக்குல அந்த டாலர எடுத்து சட்டைக்குள்ள தள்ளி விட்ருவாங்க. 39 வயசுப் பொண்ணு, சிரிச்சிட்டே திரும்ப வெளிய எடுத்துப் போட்டுக்கும். இது வாராவாரம் நடக்கும்.

போன வாரம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவத் தொறந்து பேப்பரெல்லாம் காட்டினாங்க. சிவப்பு அட்டை பாஸ்போர்ட் ஒண்ணு, அதுல ஒரு வரிய விரலால ரெண்டு தடவ தட்டினாங்க, எனக்கு ரஷ்யன் தெரியாது. அவங்க மக பாத்துட்டு ஏதோ கத்திட்டு சடார்னு எழுந்து போயிட்டாங்க. அந்த வரியில என்னதான் இருக்கு? கேக்கவும் தயக்கமா இருக்கு.

கார்கோவ்_டாக்டர்
தம்பி, அந்த ஊர்லதான் 81-லேருந்து 87 வரைக்கும் மெடிசின் படிச்சேன். அப்போ நாங்க கார்கோவ்னுதான் சொல்வோம், இப்பவும் வாய் அப்படித்தான் போகுது, உக்ரைன் நண்பர்கள் மன்னிக்கணும்.

பாட்டி தட்டினது "தேசிய இனம்"ங்கிற வரி. சோவியத்ல உள்நாட்டு பாஸ்போர்ட்னு ஒண்ணு உண்டு, 1932 கடைசில கொண்டு வந்தது. பேர், பிறந்த தேதி மாதிரி இனமும் ஒரு வரி. ரஷ்யன், உக்ரைனியன், ஜார்ஜியன், அதே கணக்குல யூதர். மதம்னு அர்த்தம் இல்ல, கடவுள் இல்லன்னு மேடையில பேசுற கட்சிக்காரரா இருந்தாலும் அப்பா அம்மா யூதர்னா அந்த வரியில "யெவ்ரேய்", பொம்பளன்னா "யெவ்ரேய்க்கா". வேலைக்குச் சேரும்போது நிரப்புற ஃபாரத்துல இது 5-வது கேள்வி, அதனால பேச்சுவழக்குல "அஞ்சாவது கலம்"னே பேரு. "அவனுக்கு அஞ்சாவது கலத்துல கோளாறு"ன்னு சொன்னா எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

16 வயசுல பாஸ்போர்ட் எடுக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேரும் யூதர்னா சாய்ஸ் கிடையாது. கலப்புக் கல்யாணம்னா புள்ளை ரெண்டுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கலாம். யாரும் யூதப் பக்கத்தத் தேர்ந்தெடுக்க மாட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் பாத்தவரைக்கும் ஒருத்தர்கூட இல்ல.

மரம் விஷயம் சிம்பிள். புரட்சிக்கப்புறம் கிறிஸ்மஸ் மரத்த ஒழிச்சாங்க, 1935-ல அதையே புது வருஷ மரமா திரும்பக் கொண்டு வந்தாங்க, மேல ஏசு நட்சத்திரத்துக்குப் பதில் கிரெம்ளின் நட்சத்திரம். எந்த மதமும் ஒட்டாத ஒரே பண்டிகை அது, அதனாலேயே யூத வீடுகள்ல அத அப்படிக் கொண்டாடுவாங்க. மத்த எதையும் சத்தமா கொண்டாட முடியாதே.

சும்மா_வந்தேன்
இதுக்கு அவங்களே ஒரு ஜோக் வச்சிருப்பாங்க டாக்டர் சார், கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க உடல் ஊனத்துக்கு அரசாங்கம் 3 குரூப் வச்சிருக்கும், யூதர்கள் தங்களை "அஞ்சாவது குரூப் ஊனம்"னு சொல்லிக்குவாங்களாம் 😄

கார்கோவ்_டாக்டர்
ஆமா. இன்னொண்ணும் உண்டு: "அடி விழறது பாஸ்போர்ட்டப் பாத்து இல்ல, மூஞ்சியப் பாத்து." என் ரூம்மேட்டோட கிளாஸ்மேட் ஒருத்தன் இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் அப்பா யூதர், அம்மா ரஷ்யன். 16-ல "ரஷ்யன்"னு எழுதிக்கிட்டான், ஆனா அப்பா வழி சர்நேம் அப்படியேதான இருக்கு, அத வாசிச்சதுமே தெரிஞ்சிரும். அவன் சொன்னதுல எனக்கு மறக்காதது பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். கடைசிப் பக்கத்துல ஒவ்வொரு புள்ளைக்கும் விலாசம், அப்பா அம்மா வேலை, இனம் எல்லாம் வரிசையா இருக்குமாம். டீச்சர் வெளிய போனதும் பசங்க ஓடிப் போய் அந்தப் பக்கத்தப் புரட்டுவாங்க. இவன் இரண்டாம் வகுப்புல அப்படித்தான் தான் யாருன்னே தெரிஞ்சிக்கிட்டானாம். வீட்டுக்கு வந்து கேட்டா அம்மா "சாப்புடு"ன்னு சொல்லிருக்காங்க, அப்பா எழுந்து ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சிருக்கார்.

தோழர்_செங்கை
டாக்டர் சொல்றத மறுக்கல, ஆனா இழை ஒரு பக்கமாப் போகுது. ஜார் காலத்துல என்ன நிலைமைன்னும் பேசணும். யூதர்கள் மேற்கு எல்லைப் பகுதியில ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள்ளதான் குடியிருக்கணும், கார்கிவ் அந்த வட்டத்துக்கு வெளிய. 1887-லேருந்து படிப்புல ஒதுக்கீடு இல்ல, உச்சவரம்பு: வட்டத்துக்குள்ள 10 சதவீதம், வெளிய 5, மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் 3. இத 1917 அடிச்சு நொறுக்குச்சு. 1918 ஜூலையில யூத வெறுப்பக் கண்டிச்சு புதுப் புரட்சி அரசான மக்கள் ஆணையர் அவையே ஆணை போட்டுச்சு, அந்தக் காலத்துல எத்தனை நாட்டுல அப்படி இருந்துச்சு? 1919-ல உக்ரைன்ல நடந்த படுகொலைகள்ல பல பத்தாயிரம் யூதர்கள் செத்தாங்க, உக்ரைன் தேசியவாத பெத்லியூரா படைகள், புரட்சிக்கு எதிரான வெள்ளைப் படைகள், உள்ளூர்க் கும்பல்கள்னு. அந்தச் சமயத்துல ஊருக்குள்ள செம்படை வந்தா சனங்க மூச்சு விட்டுச்சு. அந்தப் பாட்டியோட அப்பா அம்மா கார்கிவுக்கு வந்து படிச்சு வேலை பாத்ததே புரட்சியாலதான்னு நான் பந்தயம் கட்டுறேன்.

பெலாரஸ் குடியரசோட அரசுச் சின்னத்துலயே "உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்" நாலு மொழியில இருந்துச்சு, அதுல ஒண்ணு யித்திஷ், அந்தப் பக்கத்து யூதர்கள் பேசின மொழி. 1938 வரைக்கும்.

கார்கோவ்_டாக்டர்
பந்தயத்துல நீங்க ஜெயிப்பீங்க தோழர், அதுல சந்தேகமே இல்ல. முதல் தலைமுறை பயந்து மாறல, நம்பித்தான் மாறுச்சு. அத விட்டுட்டுப் பேசினா கதையே புரியாது. ஆனா நீங்களே "1938 வரைக்கும்"னு எழுதிட்டீங்க பாத்தீங்களா, அந்த இடத்துலதான் நான் தொடர்றேன்.

ஹீப்ரு பூசாரி மொழின்னு ஆரம்பத்துலேயே தள்ளி வச்சாங்க. கட்சிக்குள்ளேயே யூதப் பிரிவு ஒண்ணு, 1918-லேருந்து 1930 வரைக்கும், யூதர்கள வச்சே ஜெப ஆலயத்தையும் வேதப் பள்ளிக்கூடத்தையும் மூட வச்சாங்க. யித்திஷ் பள்ளிக்கூடம், பத்திரிகை, நாடகம் எல்லாம் அரசே நடத்துச்சு, அப்புறம் 30-களோட கடைசில பள்ளிக்கூடங்களும் போச்சு. 1948 ஜனவரியில யித்திஷ் நாடகத்தோட பெரிய நடிகர் மிகோயெல்ஸ மின்ஸ்க்ல கொன்னு லாரி விபத்துன்னு ஜோடிச்சாங்க. 1952 ஆகஸ்ட் 12 ஒரே ராத்திரியில யூத எழுத்தாளர், பிரமுகர்னு 13 பேருக்கு மரண தண்டனை, அதுல லெய்ப் க்வித்கோன்னு ஒரு குழந்தைக் கவிஞர், அவர் பாட்ட நாடு முழுக்க நர்சரிப் புள்ளைங்க ரஷ்யன்ல பாடிக்கிட்டிருந்துச்சு. 1953 ஜனவரி 13 கட்சிப் பத்திரிகை பிராவ்தாவுல "கொலைகார டாக்டர்கள்"னு செய்தி, பேர் போட்டிருந்த 9 பேர்ல பெரும்பாலும் யூதர்கள். ஸ்டாலின் மார்ச் 5 செத்தார், ஏப்ரல் 4 "அதெல்லாம் பொய் வழக்கு"ன்னு அறிவிப்பு. இடைப்பட்ட மூணு மாசம் யூத டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கவே சனங்க பயந்துச்சு. எங்களுக்கு பேத்தாலஜி எடுத்த அம்மா, அப்போ அவங்க ஜூனியர் டாக்டராம், ஒரு தடவ தேர்வு முடிஞ்சு டீ குடிக்கும்போது "அந்த வருஷம் நான் கை கழுவிக்கிட்டே இருந்தேன், நோயாளி பாக்குற மாதிரி"ன்னு மட்டும் சொன்னாங்க. மேற்கொண்டு பேசல.

கார்கோவ்ல புஷ்கின் தெருவுல பெரிய கும்மட்டம் வச்ச ஒரு கட்டடம், எங்களுக்கு அது ஸ்போர்ட்ஸ் கிளப், அவ்ளோதான் தெரியும். ஐரோப்பாவுலேயே பெரிய ஜெப ஆலயங்கள்ல ஒண்ணுன்னு ஊர விட்டு வந்து ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 1990-லதான் திரும்பக் குடுத்தாங்களாம்.

வன்னியாள்
எல்லாருக்கும் வணக்கம். நான் கன நாளா வாசிக்கிறனான், எழுதுறேல்ல. இந்த இழை பாத்து எழுதாம இருக்க ஏலேல்ல. நான் இஞ்ச இஸ்ரேல்ல ஹைஃபாவில ஒரு அம்மம்மாவப் பராமரிக்கிற வேலை, ஆறு வருசமாச்சு. அவவுக்கு 97 வயசு. பெலாரஸில கோமெல் எண்ட ஊர். செர்னோபில் வெடிச்ச பிறகு அந்தப் பக்கம் முழுக்கக் கதிர்வீச்சு எண்டு 1990-ல குடும்பமா இஞ்ச வந்தவை.

தோழர் யித்திஷ் எண்டு எழுதினவர்தானே. என்ர அம்மம்மா சின்னனில ரெண்டு வருசம் யித்திஷ் பள்ளிக்கூடத்தில படிச்சவ, பிறகு அதை மூடிப்போட்டு ஒரே நாளில ரஷ்யப் பள்ளிக்கூடம் ஆக்கினவையாம். போன வருசம் ஒரு நாள் நான் ஹீப்ரு எழுத்துப் பழகுற கொப்பியில "எமெத்" எண்டு எழுதிப் பாத்துக்கொண்டிருந்தன், உண்மை எண்டு அர்த்தம், மூண்டு எழுத்து. அவ எட்டிப் பாத்திட்டு பிழை எண்டா. பேனையை வாங்கி கை நடுங்க நடுங்க நாலு எழுத்தில எழுதினா, "எமெஸ்" எண்டு. அதுதான் சோவியத் எழுத்துக்கூட்டல், வேதத்தில இருக்கிற மாதிரி எழுதக் கூடாது, வாயால சொல்லுற மாதிரி எழுத வேணும் எண்டு மாத்தினவையாம். மாஸ்கோவில வந்த பேப்பருக்கும் அதுதான் பேர். அவவுக்கு ஹீப்ரு எழுத்து முழுக்கத் தெரியும், ஆனா இஞ்சத்த பேப்பரில பாதிச் சொல் விளங்காது. "நான் படிச்சது இல்லாத நாட்டின்ர எழுத்து" எண்டு சொல்லுவா.

போருக்கை, சண்டை நடந்த இடத்துக்கு வெகு தூரத்தில இருக்கிற தாஷ்கென்டுக்கு ரயிலில போனவை. தமையன் செம்படையில, 1943-ல செத்திட்டார். திரும்பி வந்தா ஊருக்கை ஒருத்தி "நீங்கள் எல்லாம் தாஷ்கென்டிலதானே சண்டை பிடிச்சனீங்கள்" எண்டு சிரிச்சவளாம். அந்தக் கதையை எனக்கு ஒரு நூறு தரம் சொல்லியிருப்பா, ஒவ்வொரு தரமும் அதே கோவம். மே 9, போர் வெற்றி நாள் வந்தா தமையன்ர படத்தை மேசையில வைச்சு, முன்னால ஒரு சின்னக் கிளாசில வொட்கா ஊத்தி, மேல ஒரு துண்டு கறுப்புப் பாண். நான்தான் அடுக்குறனான்.

கணக்கு_வாத்தி
நல்ல இழை. நம்மில் பலர் சின்ன வயசுல என்சிபிஹெச் கடையில வாங்கின மலிவு விலை சோவியத் புத்தகம் படிச்சு வளந்தவங்க. பொழுதுபோக்கா பௌதிகம் சொல்லித் தந்த யாக்கோவ் பெரெல்மான் யூதர்தான், பியாலிஸ்டோக்ல பிறந்தவர், 1942-ல லெனின்கிராட் முற்றுகையில பட்டினியில செத்தார். நான் இதத் தெரிஞ்சிக்கிட்டது வேலையில சேர்ந்து பத்து வருஷம் கழிச்சு.

அடுத்த தலைமுறையில கணக்கு எப்படி ஆயுதமாச்சுன்னு சொல்றேன். 70-கள், 80-கள்ல மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறை நுழைவுத் தேர்வுல வாய்மொழித் தேர்வு உண்டு. யூதப் பசங்களத் தனியா ஒரு அறைக்கு அனுப்பி, பாக்க ஈசியா இருக்கிற ஆனா லேசுல பிடிபடாத கணக்கு குடுப்பாங்க. அதுக்குப் பேரே "சவப்பெட்டி". ஒரு சாம்பிள்: 2-ஐ அடிமானமா வச்ச 3-ன் மடக்கை பெருசா, 3-ஐ அடிமானமா வச்ச 5-ன் மடக்கை பெருசா? கால்குலேட்டர் கிடையாது. பேனாவ வச்சிட்டு ஒரு நிமிஷம் யோசிங்க.

விடை: நடுவுல ஒன்றரைய வைங்க. 3-ன் வர்க்கம் 9, அது 2-ன் கனமான 8-ஐ விடப் பெருசு, அதனால முதல் எண் ஒன்றரைக்கு மேல. 5-ன் வர்க்கம் 25, அது 3-ன் கனமான 27-ஐ விடச் சின்னது, அதனால ரெண்டாவது ஒன்றரைக்குக் கீழ. அவ்ளோதான். ஆனா 17 வயசுப் பையன், எதிர்ல ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டு, போட்டு முடிச்சா அடுத்தது, அதையும் முடிச்சா இன்னொண்ணு. விடை சரின்னாலும் "கேள்விய சரியா வரையறுக்கல"ம்பாங்க. விதி மீறல்னு காகிதத்துல எதுவுமே இருக்காது, அதுதான் அதுல இருக்கிற சாமர்த்தியம்.

இப்படித் தள்ளப்பட்ட பசங்களுக்காக 1978-ல பெல்லா சுப்போதோவ்ஸ்கயான்னு ஒரு கணித அம்மா தன் சின்ன ஃபிளாட்லயே வகுப்பு ஆரம்பிச்சாங்க, பெரிய பெரிய கணித மேதைங்க வந்து காசு வாங்காம பாடம் எடுத்தாங்க, அந்தம்மா சாண்ட்விச் செஞ்சு போடுவாங்களாம். 1982-ல ராத்திரி ரோட்டுல லாரி அடிச்சு செத்துட்டாங்க. விபத்தா வேறயான்னு இன்னிக்கும் பேச்சு இருக்கு. லாரின்னதும் டாக்டர் எழுதின மிகோயெல்ஸ்தான் ஞாபகம் வருது.

தோழர்_செங்கை
இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஜார் வச்ச 3 சதவீதத்த சட்டத்துல எழுதி வச்சிருந்தான், இவங்க எழுதாம வச்சாங்க. இயற்பியல் மேதை லாண்டாவ் மாதிரி ஆள் 1938-ல ஒரு வருஷம் உள்ள கிடந்ததும் தெரியும் (அது யூதர்ங்கிறதுக்காக இல்ல, அப்போ யாரதான் விட்டாங்க).

வெட்டுக்கிளி
எல்லாம் சரி, இப்ப அவங்க பாலஸ்தீனத்துல பண்றத

நிர்வாகி
அதுக்குத் தனி இழை ஓடுது, 400 பதிவு தாண்டியாச்சு. அங்க போங்க. இங்க சோவியத் குடும்பக் கதை மட்டும்.

அல்வா_நெல்லை
ஐயோ இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. ஒரு டவுட். இவ்ளோ கஷ்டம்னா ஏன் கிளம்பிப் போகல? பாட்டி வீட்ல 1994-லதான் ஜெர்மனி வந்திருக்காங்க.

கார்கோவ்_டாக்டர்
கிளம்பறதா! முதல்ல இஸ்ரேல்லேருந்து சொந்தக்காரங்க யாராவது கூப்பிட்ட மாதிரி அழைப்புக் கடிதம் வேணும். வேலை பாக்குற இடத்துல நன்னடத்தைச் சான்று வேணும், அதக் கேட்ட அன்னைக்கே கூட்டம் போட்டு துரோகின்னு திட்டுவாங்க, வேலையும் போகும். அப்புறம் அப்பா அம்மா எழுத்துல சம்மதம் தரணும், உனக்கு நாப்பது வயசானாலும் சரி. இந்தக் கடைசி ஐட்டம்தான் குடும்பத்த ரெண்டாப் பொளந்தது.

மேல சொன்னேனே, அந்தப் பையன், அவன் அக்கா 1979-ல புருஷனோட விண்ணப்பிக்கப் பாத்தாங்க. அந்த வருஷம் 51 ஆயிரம் பேர் வெளிய போனாங்க, கதவு கொஞ்சம் தொறந்திருந்த நேரம். அப்பா ராணுவத் தொழிற்சாலையில இன்ஜினியர். கையெழுத்துப் போட்டா அவர் வேலை போகும், தம்பி படிப்பும் போகும். போடலைன்னா மக போக முடியாது. அவர் போடல. அக்கா அப்பாகூட பேச்ச நிறுத்திட்டாங்க, ஒரே ஊர்ல, ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, பத்து வருஷம். இதெல்லாம் அவன் என்கிட்ட சொன்னது 87-ல நான் ஊருக்குக் கிளம்புற வாரம், அதுவும் ரூம்ல இல்ல, பார்க்குல நடந்துக்கிட்டே. ரூம்ல முக்கியமான பேச்சுன்னா தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டுத்தான் பேசுவாங்க.

80-கள் ஆரம்பத்துல கதவ அறைஞ்சு சாத்திட்டாங்க, 84-ல மொத்தமே ஆயிரம் பேருக்கும் கீழதான் போனாங்க. "மறுக்கப்பட்டவர்"னு ஒரு புது ஜாதியே உருவாச்சு, வேலையும் இல்லாம போகவும் முடியாம. விஞ்ஞானம் படிச்சவங்க பாய்லர் ரூம்ல கரி அள்ளுவாங்க, ராத்திரி ஹீப்ரு சொல்லித் தருவாங்க. அதுக்கு முன்னாடி 1972-ல டிப்ளமா வரின்னு வேற போட்டாங்க, நாங்க படிக்க வச்சோம் காசக் குடுத்துட்டுப் போன்னு. குடியுரிமைய விடறதுக்கே 500 ரூபிள், ஒரு இளம் இன்ஜினியருக்கு அப்போ மாசம் 120, 130 வந்தா அதிகம்.

89-ல அப்பா கையெழுத்துப் போட்டார். எல்லாருமே போயிட்டாங்க, அவரும்தான். என் நண்பன் இப்போ இஸ்ரேல்ல பீர்ஷெபாவுல இருக்கான். வேடிக்கை என்னன்னா அங்க ரபிமார், அதாவது யூத மதகுருமார் கணக்குல தாய் வழிதான் யூதம், இவனுக்கு அப்பாதான் யூதர், அதனால இவன் யூதன் இல்ல. "அங்க சர்நேமப் பாத்து யூதப்பயன்னாங்க, இங்க ரஷ்யப்பயங்கிறாங்க, நான் ரெண்டு நாட்டுலயும் வெளியூர்"ம்பான் வீடியோ கால்ல.

வன்னியாள்
டாக்டர் ஐயா, அதே பிரச்சினைதான் இஞ்சயும். அம்மம்மான்ர மகன் கட்டினது பெலாரஸ்காரி. பேத்தி இஞ்ச ஆமியில ரெண்டு வருசம் இருந்தவள், ஹீப்ருதான் கதைப்பாள், ஆனா கலியாணம் எண்டு வரேக்கை ரபி எழுத மாட்டன் எண்டிட்டார். சைப்பிரசுக்குப் போய் கட்டிக்கொண்டு வந்தவை. அம்மம்மா அண்டைக்கு முழுக்க வாயே திறக்கேல்ல. பின்னேரம்தான் சொன்னா, "மகன்ர 16 வயசில பாஸ்போட்டில யூதர் எண்டு எழுதாம வேற இனம் எழுதச் சொல்லாம விட்டனே" எண்டு ஏதோ குழப்பிக் குழப்பி. பிறகு யோசிச்சன், அவவின்ர மகனுக்கு தாய் தேப்பன் ரெண்டு பேரும் யூதர்தானே, அங்க தெரிவே இல்லை. 97 வயசில செய்யாத பிழைக்கும் அழுறா.

அல்வா_நெல்லை
நேத்து ஞாயித்துக்கிழமை. பாட்டி தூங்கிட்டாங்க, மகளே அந்த டப்பாவ எடுத்துட்டு மாடிக்கு வந்துட்டாங்க. "நீ அன்னைக்கு பயந்துட்ட"ன்னாங்க. ரெண்டு மணி நேரம் பேசினோம், என் ஜெர்மன் வச்சு புரிஞ்சவரைக்கும் எழுதறேன்.

அடியில இருந்தது ஒரு பேப்பர் துண்டு, மஞ்சளாகி மடிப்புல கிழிஞ்சது, 1929. மூணே வரி விளம்பரம். பாட்டியோட அப்பா, அப்போ வாலிபப் பையன், "கடைக்காரரான என் தகப்பனாரோடு எனக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை"ன்னு பேர் போட்டுக் குடுத்தது. அந்தக் காலத்துல சின்னக் கடை வச்சிருந்தவங்களுக்கு ஓட்டு கிடையாது, அவங்க புள்ளைங்களுக்கு காலேஜ்ல இடமும் கஷ்டம், அதனால இப்படி விளம்பரம் குடுக்கிறது சகஜமாம். தோழர் பந்தயம் ஜெயிச்சிட்டீங்க, அவர் உக்ரைன்லயே பொடோலியாங்கிற பகுதியில ஒரு சின்ன ஊர்லேருந்து கார்கிவுக்கு வந்து படிச்சு டாங்கி செய்யிற ஃபேக்டரில இன்ஜினியர் ஆனவர்தான். ஆனா மாசாமாசம் அந்த அப்பாவுக்கு வேற ஆள் பேர்ல மணியார்டர் போயிட்டிருந்துச்சாம், அந்த ரசீதுல ஒண்ணும் அதே டப்பாவுல இருக்கு. பேப்பர் துண்டோட சேத்து மடிச்சு.

பின்னாடி அந்தக் கடைக்காரத் தாத்தாவையும் கார்கிவுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. 1941-ல ஃபேக்டரிய அப்படியே பேத்து உரால் பக்கம் நிஜ்னி தாகிலுக்கு ரயில்ல ஏத்தினப்ப குடும்பமும் போச்சு, பாட்டிக்கு 8 வயசு. தாத்தா வரலைன்னுட்டார். 1918-ல வந்த ஜெர்மன்காரங்க மரியாதையா நடந்துக்கிட்டாங்க, கடைக்கு வந்தா காசு குடுத்துத்தான் வாங்கினாங்க, அவங்க படிச்ச சனம்னு. கார்கிவ் பக்கத்துல ட்ரோபித்ஸ்கி பள்ளத்தாக்குல 1941 டிசம்பர், 1942 ஜனவரியில நாஜிகள் சுட்ட சுமார் 15 ஆயிரம் பேர்ல அவரும் ஒருத்தர். இவங்க வீட்ல அதப் பத்தி பேசறதே இல்லயாம், ஊர்லயும் அப்போ "அமைதியான சோவியத் குடிமக்கள்"னுதான் சொல்வாங்களாம், யூதர்னு சொல்ல மாட்டாங்க.

அப்புறம் அந்த வரி. மகளுக்கு அப்பா உக்ரைனியர், அம்மா யூதர், அதனால சாய்ஸ் இருந்துச்சு. 1974, 16 வயசு, பாஸ்போர்ட் ஆபீஸ் பெஞ்சுல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. "நீ சொல்லும்மா"ன்னு இவங்க கேட்டிருக்காங்க. பாட்டி, "அப்பாவோடத எழுது. என்னோடத எழுதினா நான் உன்னப் பெத்து என்ன பிரயோஜனம்"னு சொல்லிருக்காங்க. இவங்க "உக்ரைன்கா"ன்னு எழுதிட்டாங்க. என்கிட்ட சொன்னாங்க, "எனக்குக் கோவம் அம்மா மேல இல்ல. வெளிய வந்ததும் எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. ஐஸ்க்ரீம் வாங்கித் தின்னேன். அம்மா கூடவே நின்னு பாத்துட்டிருந்தாங்க."

1994-ல ஜெர்மனி வர விண்ணப்பம். இங்க 91-லேருந்து சோவியத் யூதர்கள எடுத்துக்கிட்டாங்க, மொத்தம் சுமார் 2 லட்சம் பேர், குடும்பத்தோட சேத்து. யூதர்னு ஆதாரம் வேணும். இவங்க பாஸ்போர்ட்ல உக்ரைன்கா. நல்லவேளை பர்த் சர்டிபிகேட்ல அப்பா அம்மா இனம் போட்டிருக்கும், அதுல பாட்டி பேருக்கு நேர யெவ்ரேய்க்கா. அந்த ஒத்தச் சொல்லு, 1953-ல பாட்டி நர்சிங் படிச்சப்ப கிளாஸ்ல யாரும் பக்கத்துல உக்காராம பண்ணின சொல்லு, அத எடுத்துட்டுப் போய் ஜெர்மன் தூதரகக் கவுண்டர்ல நீட்டிருக்காங்க. பாட்டி வாசல்லயே நின்னுட்டாங்களாம், உள்ள வரல.

இன்னொண்ணு இப்பதான் எனக்கு விளங்குது. ரெண்டு வருஷம் முன்ன நான் குடி வந்தப்ப முனிசிபல் ஆபீஸ்ல பதியற ஃபாரம் நிரப்ப பாட்டிதான் கூட உக்காந்தாங்க. அதுல மதம்னு ஒரு கலம் வரும். நான் இந்துன்னு எழுதப் போனேன், பாட்டி பேனாவப் பிடிச்சு நிறுத்தி அடுத்த வரிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஜெர்மன்ல ஏதோ ரூல்ஸ் போலன்னு நினைச்சு விட்டுட்டேன்.

சும்மா_வந்தேன்
நான் ஜோக் போட வந்தவன், ஒண்ணும் வரல இப்ப.

வன்னியாள்
தம்பி, அந்தப் பாட்டி மீன் செய்வாவோ? கெஃபில்டே மீன். இஞ்ச அம்மம்மா வருசத்தில ஒரு தரம் என்னைக் கொண்டு செய்விப்பா. கெண்டை மீன் முழுசா வாங்கி, தோலைக் காலுறை கழட்டுற மாதிரி கிழியாம கழட்ட வேணும், பிறகு சதையை முள்ளெடுத்து வெங்காயத்தோட அரைச்சு, அந்தத் தோலுக்குள்ளயே திரும்ப அடைஞ்சு, சட்டிக்கு அடியில வெங்காயத் தோலும் பீட்ரூட் வட்டமும் பரப்பி ரெண்டு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில. முதல் தரம் தோலைக் கிழிச்சுப்போட்டன், அவ அழுதிட்டா. இப்ப வடிவாச் செய்வன். மதம் எண்டு ஒண்டும் செய்யத் தெரியாது அவவுக்கு, செபம் தெரியாது, மெழுகுதிரிக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாது, இந்த மீன் மட்டும் தெரியும்.

அல்வா_நெல்லை
கேட்டேன் அக்கா. பாட்டி முதல்ல கேட்ட கேள்வி "சீனி போடுவாங்களா?"

வன்னியாள்
சீனியா?? கேட்டன். அம்மம்மா கதிரையால எழும்பப் பாத்திட்டா. மிளகுதானாம். சீனி போடுறவை போலந்துப் பக்கத்து ஆக்களாம், அவையின்ர மீனைத் தான் தொடவே மாட்டனாம்.

அல்வா_நெல்லை
பாட்டி சொல்றாங்க, மிளகு போட்டு மீன் தின்றவங்களோட சம்பந்தமே வச்சுக்கக் கூடாதுன்னு அவங்க பாட்டி சொன்னாங்களாம். மக இத எழுதும்போது பக்கத்துல நின்னு சிரிக்கறாங்க. அளவு அனுப்புறேன் அக்கா, ரெண்டு கிலோ கெண்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சீனி, உங்க அம்மம்மா பாக்காதப்ப போட்டுப் பாருங்க.